புகையைப் படிக்கும் பீங்கான்

ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்களுக்குப் பீங்கான் புதிய பொருள் இல்லை. பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் பீங்கானுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. கொலு பொம்மை, அகல் விளக்கு, ஃப்யூஸ் கட்டை எல்லாம் அங்கே சூளையில் வெந்து வெளியே வருகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பாடமாகச் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் அங்கே உண்டு. பொதுவாக நாம் பீங்கானுக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறோம்: பார்க்க அழகாக இருக்க வேண்டும், மின்சாரத்தைக் கடத்தாமல் இருக்க வேண்டும். கடத்தாது என்ற நம்பிக்கையில்தான் மெயின் போர்டிலிருந்து ஃப்யூஸ் கட்டையைக் கையால் பிடித்து இழுக்கிறோம்.

இந்தக் குடும்பத்திலேயே மின்சாரத்தைக் கடத்துகிற பிள்ளை ஒன்று இருக்கிறது. பெயர் ஜிர்கோனியா. அறை வெப்பத்தில் அதுவும் சாதாரணப் பீங்கான்தான். 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய பிறகு குணம் மாறும். அப்போது அதற்குள் ஆக்ஸிஜன் அயனிகள் நடமாடத் தொடங்கும். இந்த ஒரு குணத்துக்காக உலகெங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் உலைகளில், புகை வெளியேறும் வழியில் அதைச் செருகி வைத்திருக்கிறார்கள். அது தரும் மில்லிவோல்ட் கணக்கைப் பார்த்துத்தான் உலைக்குப் போகும் காற்றைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள்.

நிமிடத்துக்கு 20 டன்

நம் கடலூர் மாவட்டத்திலேயே ஒரு ரிஃபைனரி வந்திருக்க வேண்டியது. பெரியகுப்பம் கடற்கரையில் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது, 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் அதைச் சிதைத்தது; வேலை நின்றுபோனது. ஓடுகிற ரிஃபைனரியைப் பார்க்கச் சென்னை மணலிக்குத்தான் போக வேண்டும். இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய ஆலை அது. 1969இல் உற்பத்தி தொடங்கியபோது ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க முடிந்தது. இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்ற பெயரில், இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமாக, 105 லட்சம் டன் திறனோடு நிற்கிறது. 105 லட்சத்தை நாளாகவும் மணியாகவும் வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 20 டன் வரும்.

இவ்வளவு எண்ணெயும் இரவு பகல் நிற்காமல் ஓடுகிறது. முதலில் உலையில் 350 டிகிரிக்கு மேல் சூடேறி, கோபுரம்போல உயர்ந்த வடிகலனுக்குள் நுழைகிறது. இலேசானவை மேலே போகும், கனமானவை கீழே தங்கும். சமையல் எரிவாயு, நாஃப்தா, மண்ணெண்ணெய், டீசல் என்று தனித்தனித் தட்டில் பிரியும். அடியில் தங்கும் கசடு வேறு அலகுகளுக்குப் போய் மறுபடி பிரிபடும், உடைபடும்.

இதையெல்லாம் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தபடி நடத்துகிறார்கள். அங்கே திரையில் நான்கு அளவுகள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்: வெப்பம், அழுத்தம், ஓட்டம், மட்டம். இவற்றை அளப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஆனால் வாடிக்கையாளர் வாங்குவது வெப்பத்தையோ அழுத்தத்தையோ அல்ல. டீசலில் கந்தகம் எவ்வளவு, பெட்ரோலின் ஆக்டேன் எவ்வளவு, எரிவாயுவில் எது எத்தனை பங்கு என்பதுதான் சரக்கின் தரம். குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்பதைத் தெர்மாமீட்டர் சொல்லாது.

நெடுங்காலம் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஷிஃப்டில் இருப்பவர் சாம்பிள் பாட்டிலோடு போவார், வால்வைத் திறந்து பிடிப்பார், லேபுக்கு அனுப்புவார். முடிவு வர ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும். இரண்டு மணி என்றே வைத்துக்கொண்டால், மணலி அளவுள்ள ஆலையில் அதற்குள் 2,400 டன் ஓடி முடிந்திருக்கும். லேப் சொல்வது முற்றிலும் சரியான விடையாகவே இருக்கலாம். ஆனால் அது எப்போதோ தொட்டிக்குப் போய்விட்ட எண்ணெயைப் பற்றிய விடை.

தாமதம் செய்யும் கூத்து

தாமதத்தால் வரும் தொல்லை என்னவென்று வீராணம் ஏரிப் பாசன விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டாம். மதகைத் திறந்தவர் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கேட்டு இன்னும் கொஞ்சம் தூக்குவார். முதலில் திறந்த தண்ணீரே அப்போதுதான் பாதி வழி வந்திருக்கும். இரண்டும் சேர்ந்து வந்து வரப்பை உடைத்த பிறகு ஓடிப்போய் மதகை அடைப்பார். அடுத்த நாள் கடைமடை காயும்.

ரிஃபைனரியிலும் இதேதான் நடக்கும். டீசலில் கந்தகம் கூடிவிட்டது என்று லேப் சொன்னதும் கந்தகத்தை நீக்கும் அலகின் உலை வெப்பத்தை ஏற்றுவார்கள். அதன் பலன் தெரிய அடுத்த லேப் முடிவு வர வேண்டும். காத்திருக்கப் பொறுமையின்றி மறுபடி ஏற்றினால் எல்லை தாண்டிப் போகும். அனுபவம் பழுத்த ஆபரேட்டர்கள் இதற்கு ஒரு தற்காப்பு கண்டுபிடித்திருந்தார்கள். கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம் என்று விதி இருந்தால் 35இல் ஓட்டுவார்கள். எந்தப் பக்கம் சறுக்கினாலும் 50ஐத் தொடாது. ஆனால் அந்த இடைவெளி இலவசமாகக் கிடைப்பதில்லை. அதிக வெப்பம், அதிக ஹைட்ரஜன், சீக்கிரம் தேயும் வினையூக்கி என்று ஒவ்வொரு புள்ளிக்கும் பணம் போகிறது.

அளவு நேரத்தில் வந்தால் இந்த இடைவெளியைக் குறைக்கலாம். எல்லையைத் தாண்டாமலேயே எல்லையை ஒட்டி ஓட்டலாம். குழாயில் பொருத்தி, உள்ளே ஓடுவது என்ன என்று அளக்கும் அனலைசர்களுக்கு ரிஃபைனரிகள் இவ்வளவு செலவு செய்வதன் காரணம் இந்த ஒரு வரிதான்.

இந்த அனலைசர்களில் இரண்டு வகை. சில, ஓடும் பொருளுக்குள்ளேயே மூக்கை நீட்டி அங்கேயே அளந்துவிடும். இவற்றை இன்லைன் என்பார்கள். மற்றவை பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சாம்பிளை இழுத்து, வடிகட்டி, அழுத்தம் குறைத்து, தனிக் கொட்டகையில் இருக்கும் கருவிக்குக் கொண்டுபோகும். இரண்டாவது வகையில் அந்த மெல்லிய குழாயே ஒரு தாமதம். குழாய் 60 மீட்டர் நீளம், சாம்பிள் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்றால், கருவி கண் திறப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். அதனால்தான் கொட்டகையை எங்கே கட்டுவது, சாம்பிள் குழாயை எவ்வளவு குட்டையாக வைப்பது என்பதைப் பற்றி, கருவியின் விலையைப் பற்றி நடப்பதைவிட அதிகமாக வாதம் நடக்கும்.

உலைக்கு எவ்வளவு காற்று?

இன்லைன் கருவிகளில் பரவலாகப் புழங்குவது நம் ஜிர்கோனியாவே. அதன் வேலையிடம் உலை. ரிஃபைனரியில் எரிபொருளை அதிகம் விழுங்குவதும் உலைதான்.

ஒரு பங்கு மீத்தேன் முழுதாக எரிய ஏறத்தாழ ஒன்பதரைப் பங்கு காற்று வேண்டும். அதைவிடக் குறைந்தால் எரியாத வாயுவும் கார்பன் மோனாக்சைடும் உலைக்குள் சேரும். அப்படிச் சேர்ந்த வாயுவோடு எங்கிருந்தோ காற்று கலந்து, ஒரு பொறியும் கிடைத்தால் உலையே வெடிக்கும். சரி, காற்றைத் தாராளமாகவே விடலாமே என்றால், காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். எரிவதற்கு அது உதவாது. வெளியிலிருந்து 30 டிகிரியில் வந்து, உலையின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகைபோக்கி வழியே போய்விடும். வானத்தைச் சூடேற்ற எரிபொருள் வாங்கிய கதையாகிவிடும்.

புகையில் 2 அல்லது 3 விழுக்காடு ஆக்ஸிஜன் மிஞ்சினால் போதும் என்பது எரிவாயு உலைகளில் வழக்கமான இலக்கு. 3 விழுக்காடு மிஞ்சுகிறது என்றால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 15 விழுக்காடு காற்று போகிறது என்று பொருள். அதுவே 6 விழுக்காடாக ஏறினால் மிகைக் காற்று 35 விழுக்காட்டைத் தொடும். புகைபோக்கியில் கண்ணுக்குக் கரும்புகை தெரியாது, ஆபரேட்டருக்கு எச்சரிக்கை மணி அடிக்காது. எரிபொருள் கணக்கு மட்டும் மாதக் கடைசியில் ஏறி நிற்கும்.

சூளைக்காரர்களுக்கு இந்தச் சங்கதி நன்றாகவே தெரியும். காற்றுக் குறைந்த சூளையில் களிமண்ணிலுள்ள இரும்பு வேறு நிறம் காட்டும், மெருகும் மாறும். பார்வைத் துளை வழியே சுவாலையின் நிறத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடும் கண் தலைமுறை அனுபவத்தில் வருவது. ஆனால் 3 விழுக்காட்டுக்கும் 6 விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, நள்ளிரவு ஷிஃப்டில், ஒரே உலையின் பல பர்னர்களுக்கும் சேர்த்து எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது.

இரண்டு பக்கமும் ஆக்ஸிஜன்

ஜிர்கோனியா என்பது ஜிர்கோனியத்தின் ஆக்சைடு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பிரித்தெடுக்கும் கனிமங்களில் ஜிர்கானும் ஒன்று. ஜிர்கோனியாவின் மூலப்பொருள் அதுவே. உருக வேண்டுமென்றால் 2,700 டிகிரி வேண்டும். ஆனால் தூய ஜிர்கோனியாவில் ஒரு குறை உண்டு. சூடேறி 1,170 டிகிரியைத் தாண்டும்போது அதன் படிக அமைப்பு மாறும். ஆறும்போது திரும்பவும் மாறி, பருமன் கூடி வெடித்துச் சிதறும்.

இதைத் தடுக்க, யிட்ரியத்தின் ஆக்சைடான யிட்ரியாவைக் கொஞ்சம் கலந்து சுடுகிறார்கள். படிகம் நிலைத்து நிற்கிறது. கூடவே எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைக்கிறது. ஜிர்கோனியத்தைவிட யிட்ரியம் குறைந்த ஆக்ஸிஜனையே பிடித்து வைக்கும். இரண்டு யிட்ரியம் அணுக்கள் வந்து உட்கார்ந்தால் ஓர் ஆக்ஸிஜன் இருக்கை காலியாகும். சூடேறும்போது பக்கத்து ஆக்ஸிஜன் அயனி அந்தக் காலி இருக்கைக்குத் தாவும்; அதன் இருக்கைக்கு அடுத்தது தாவும். இப்படியே பீங்கானுக்குள் ஆக்ஸிஜன் பயணம் செய்கிறது.

இந்தப் பீங்கானைக் குழாயாகவோ வில்லையாகவோ செய்து, இரு முகத்திலும் நுண்துளைகள் கொண்ட பிளாட்டினம் பூசுகிறார்கள். ஒரு முகத்தில் சாதாரணக் காற்று. மறு முகத்தில் உலைப் புகை. காற்றில் ஆக்ஸிஜன் 20.9 விழுக்காடு, புகையில் அதைவிடக் குறைவு. மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அயனிகள் போக முனைகின்றன. அந்த முனைப்பே இரண்டு பிளாட்டினத்துக்கும் இடையே மின்னழுத்தமாகத் தெரிகிறது. இரு பக்கமும் காற்றே இருந்தால் சுழியம். ஏறத்தாழ 727 டிகிரியில், ஆக்ஸிஜன் பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட் கூடும். புகையில் 3 விழுக்காடு என்றால் சுமார் 42 மில்லிவோல்ட், 0.3 விழுக்காடு என்றால் சுமார் 91. ஆபத்தான அளவை நெருங்க நெருங்க இதன் குரல் உரக்க எழும். காவலுக்கு நிறுத்தும் கருவிக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்?

இந்தக் கணக்கை 1889இல் எழுதியவர் ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட். 1920ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். வேடிக்கை என்னவென்றால், 1890களின் இறுதியில் யிட்ரியா கலந்த ஜிர்கோனியாவைக் கையிலெடுத்தவரும் அவரே. ஆனால் அவர் செய்தது விளக்கு; சூடேற்றினால் பளீரென்று ஒளிரும் பீங்கான் குச்சி. அவருடைய சமன்பாடும் அவருடைய பீங்கானும் சேர்ந்து ஆக்ஸிஜன் மானியாக மாற 1960கள் வரை ஆனது. 1976இல் போஷ் நிறுவனத்தின் ஜிர்கோனியா சென்சார் வோல்வோ கார்களில் ஏறியது. 2020க்குப் பிறகு நீங்கள் புது பைக் வாங்கியிருந்தால், பெரும்பாலும் அதன் சைலன்சர் குழாயிலும் இதன் சிறு வடிவம் இருக்கும். மணலி உலையிலும் மோட்டார் சைக்கிளிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: எரிந்து முடிந்த பிறகு ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம்?

ஜிர்கோனியாவுக்குக் குறைகளும் உண்டு. அது தொட்ட இடத்தில் இருக்கும் புகையை மட்டுமே அறியும். உலையின் மறு மூலையில் ஒரு பர்னர் சரியாக எரியாமல் இருந்தால் அதற்குத் தெரியாது. எரியாத வாயு அதன் சூடான முகத்தில் பட்டால் அங்கேயே எரிந்து, இருக்கும் ஆக்ஸிஜனையும் தின்றுவிடும். கருவி உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். எல்லாவற்றையும்விட, உலை அணைந்து வாயு நிறைந்திருக்கும் வேளையில் 700 டிகிரியில் தகித்துக்கொண்டிருக்கும் இந்தக் கருவியே தீப்பொறியாகிவிடக் கூடாது. ஆகவே சுவாலைத் தடுப்பு வைத்திருப்பார்கள். உலை நின்றால் கருவியின் ஹீட்டரும் நிற்குமாறு இணைத்திருப்பார்கள்.

இந்தக் குறைகளுக்கு மாற்றாக லேசர் வந்திருக்கிறது. உலையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு 760 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பாய்ச்சினால், வழியிலுள்ள ஆக்ஸிஜன் அதில் கொஞ்சத்தை விழுங்கும். விழுங்கிய அளவிலிருந்து உலை முழு அகலத்துக்கும் சராசரி கிடைக்கும், அதுவும் சில நொடிகளில். தொடாமலே அளப்பதால் தீப்பிடிக்கும் பயமும் குறைவு. விலை மட்டும் அதிகம்.

ஆக்டேனுக்கு ஒரு கண்

உலையைத் தாண்டினால் அளக்க வேண்டியவை பெருகும். டீசல், பெட்ரோல் இரண்டிலும் கந்தகம் 10 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுதும் நடப்பில் உள்ளது. அதற்கு முன் பி.எஸ்.4இல் 50. ஒரு கிலோ டீசலில் 10 மில்லிகிராம் என்ற கணக்கில் ஓடும் ஆலையில், பழைய குழாயில் தங்கிய சிறிதளவு அழுக்கு டீசலே மொத்தச் சரக்கையும் கெடுத்துவிடும். எக்ஸ்ரே அல்லது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிக் கந்தகத்தை ஒளிரவைத்து எண்ணும் அனலைசர்கள் இதற்காகக் குழாயோரத்தில் இடைவிடாமல் ஓடுகின்றன.

ஆக்டேன் கதை இன்னும் சுவையானது. அதை முறைப்படி அளப்பது ஓர் எஞ்சினில். அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பெட்ரோலை ஊற்றி ஓட்டி, எப்போது இடிக்கிறது என்று கேட்பார்கள். எஞ்சினைக் குழாயில் செருக முடியாது. 1989இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பை அடுத்து வரும் அகச்சிவப்பு ஒளியைப் பெட்ரோல் வழியே செலுத்தினால், கார்பனும் ஹைட்ரஜனும் பிணைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து ஒளி விழுங்கப்படும். அந்தக் கோட்டோவியத்திலிருந்து ஆக்டேனைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். பிறகு ஒளியிழைக் கம்பி வழியே இந்த ஒளி பெட்ரோல் கலக்கும் குழாய்க்கே வந்துசேர்ந்தது.

பெட்ரோலுக்கு 91 ஆக்டேன் போதும் என்று வைத்துக்கொள்வோம். 91.5 கொடுத்தால் வாங்குபவருக்கு அது தெரியாது, ஆலைக்கு நஷ்டம்; 90.8 ஆனால் தொட்டி முழுதும் மறுபடி கலக்க வேண்டும். ஒளி தரும் விடை ஒரு நிமிடத்துக்குள் வருவதால் கலவையை ஓடும்போதே திருத்தலாம்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஒளிக்கருவி ஆக்டேனை நேரே பார்ப்பதில்லை. எஞ்சினில் அளந்த ஏராளமான சாம்பிள்களோடு ஒப்பிட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறது. அரபு நாட்டுக் கச்சா எண்ணெய்க்குப் பதில் வேறு நாட்டு எண்ணெய் வந்து, கலவையின் குணம் மாறினால், கற்ற பாடம் பொருந்தாமல் போகும். லேபுக்கு வேலை போகவில்லை, வேலை மாறியிருக்கிறது. முன்பு அது ஆலையை நடத்தியது. இப்போது ஆலையை நடத்தும் கருவிகளுக்குப் பரீட்சை வைக்கிறது.

வால்வைத் திருப்புவது யார்?

அனலைசர் சொன்னதும் கை தானாக வால்வுக்குப் போவதில்லை. கட்டுப்பாட்டுக் கணினி இடையில் இருக்கிறது. இலக்குக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு, எவ்வளவு நேரமாக நீடிக்கிறது, எந்த வேகத்தில் மாறுகிறது என்ற மூன்றையும் கூட்டி முடிவெடுப்பது பி.ஐ.டி. என்ற பழைய முறை. ஒரு அளவு, ஒரு வால்வு என்றால் அது போதும். ரிஃபைனரியில் ஒன்றைத் தொட்டால் பத்து அசையும். 1970களில் ஷெல் நிறுவனத்தில் சார்லஸ் கட்லரும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எதை அசைத்தால் எது எவ்வளவு நேரம் கழித்து எவ்வளவு மாறும் என்று ஆலையிலேயே சோதித்துக் கணித மாதிரி கட்டி, அடுத்த சில மணி நேரம் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, பல வால்வுகளைச் சேர்த்து நகர்த்தும் முறை அது. இன்று உலகின் பெரிய ரிஃபைனரிகளில் இதுவே வழக்கம். தாமதத்தை ஒழிக்க முடியாத இடத்தில் தாமதத்தையே கணக்கில் சேர்த்துக்கொள்வது இதன் சூட்சுமம்.

ஆனால் கணினி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கருவி சொல்வதைத்தான் நம்பும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரியில் ஒரு கோபுரத்துக்குள் திரவம் அளவுக்கு மீறி ஏறிக்கொண்டிருந்தது. மட்டம் காட்டும் கருவி இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பொங்கி வழிந்த எண்ணெய் ஆவி தீப்பிடித்ததில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அது தரம் அளக்கும் அனலைசர் அல்ல, எளிய மட்டமானி. அளவீடு சரியாகத் திருத்தப்படாமல் இருந்தது.

இதனால் அனலைசர் டெக்னீஷியனின் நாள் பெரும்பாலும் கேலிப்ரேஷனிலேயே கழியும். ஜிர்கோனியாவுக்கு ஆக்ஸிஜன் அளவு தெரிந்த வாயுவை சிலிண்டரிலிருந்து காட்டி, சொன்னதைச் சரிபார்ப்பார். சாம்பிள் குழாயில் அடைப்பு, கசிவு, ஈரம் தேடுவார். இந்தத் தொழிலில் உள்ளவர்கள் ஒருமுகமாகச் சொல்வது, கோளாறில் பெரும்பகுதி கருவியில் இல்லை, கருவிக்குச் சாம்பிள் வரும் வழியில் இருக்கிறது என்பதே. ஆபரேட்டர் ஒருமுறை கருவியின் மேல் நம்பிக்கை இழந்துவிட்டால், ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றிவிடுவார். பிறகு லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய அனலைசர் சுவர்க் கடிகாரத்துக்குச் சமம்.

சூளைக்கும் இது பொருந்தும்

எரிபொருள் செலவுதான் பீங்கான் தொழிலிலும் பெரிய செலவு. எரிவாயுச் சூளைக்குள் போகும் காற்றும் ரிஃபைனரி உலைக்குள் போகும் காற்றும் ஒரே வேதியியலுக்குக் கட்டுப்பட்டவை. சூளையில் ஆக்ஸிஜன் அளக்கும் ஜிர்கோனியாக் குச்சிகள் உலகச் சந்தையில் தனி வகையாகவே விற்பனைக்கு உள்ளன. புகைபோக்கியில் நீட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப்போகும் கையடக்க அனலைசரும் கிடைக்கிறது. சிறு சூளைகள் ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. விருத்தாசலம் பேட்டைக்குப் பொதுவாக ஒன்று இருந்தால்கூட எந்தச் சூளை காற்றை வீணாக்குகிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். குச்சியைச் செருகி, அது சொல்வதைச் சரிபார்த்து, காற்றுக் கதவைத் திருத்துவது பீங்கான் படிக்கும் மாணவர்களின் செய்முறைப் பயிற்சிக்குள் அடங்கும் வேலை. ரிஃபைனரிகள் பெரும்பணம் செலவழித்துக் கற்றுக்கொண்ட பாடத்தைச் சூளைகள் அதில் ஒரு சிறு பங்குச் செலவில் கற்கலாம். அளப்பதோடு நிற்காமல், அளந்த கையோடு கதவைத் திருத்த வேண்டும், அவ்வளவே.